பட்டியலில் இல்லாத மோட்டார்

திரும்பி வரும் சாதனங்களுக்கு ஒரு வாடை உண்டு. மேலே ஃபார்மலின், அதற்கடியில் லேசாக இரும்பு, அதற்கும் அடியில் பெயர் சொல்ல முடியாத ஏதோ ஒன்று. தமயந்தி ஆறு வருடமாக அந்த வாடையோடு வேலை பார்க்கிறாள். மூக்குக்குப் பழகிவிட்டது என்று கேட்பவர்களிடம் சொல்லிக்கொள்வாள். பழகவே இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மூன்று முறை கை கழுவுவாள், அப்புறமும் ஸ்பூனால்தான் சாப்பிடுவாள்.

கம்பெனிக்கு உயிரோட்டம் என்று பெயர். கோயமுத்தூரில் கீரணத்தம் பக்கம், கண்ணாடி போட்ட நாலு மாடி. அங்கே செய்வது ஒரே ஒரு பொருள்தான். களைத்துப்போன இதயத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரத்தத்தைத் தள்ளிவிடும் பம்பு. சின்னச் சாத்துக்குடி அளவு இருக்கும். 'துணை' என்று பெயர் வைத்திருந்தார்கள். பதினோராயிரம் பேர் நெஞ்சில் அது ஓடிக்கொண்டிருந்தது. அவர்களில் யாராவது இறந்துபோனால், எரியூட்டுவதற்கு முன் அதை வெளியே எடுத்தாக வேண்டும், பேட்டரி தீயில் வெடித்துவிடும். எடுத்ததை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, தமயந்தி மேசைக்கு அனுப்புவார்கள். அவள் ஒயரை மாட்டுவாள், சாதனத்தை எழுப்புவாள், உன்னிடம் என்ன குறை என்று கேட்பாள். அது சொல்வதை அறிக்கையாக எழுதிக் கையெழுத்துப் போடுவாள். இதுவரை முப்பத்தோரு சாதனங்கள். முப்பத்தொன்றும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருந்தன. குறை இல்லை.

அந்தப் புதன்கிழமை காலையில் அதற்காகத்தான் விழா. 'குறையில்லா ஆறாண்டு' என்று பேனர் கட்டி, மைசூர்பாக்கைத் தட்டுத் தட்டாக அடுக்கி, ஒவ்வொரு அறைக்கும் அனுப்பியிருந்தார்கள். தமயந்தி வேலை பார்க்கும் திரும்பல் பிரிவுக்கும் ஒரு தட்டு வந்தது. நெய் வாசனையும் ஃபார்மலின் வாடையும் ஒன்றோடொன்று கலந்ததும் தட்டை மேசையின் அந்த ஓரத்துக்குத் தள்ளினாள். அந்த நேரம் பார்த்து வாசலிலிருந்து செக்யூரிட்டி போன் செய்தார். சோமனூர்க்காரர் ஒருத்தர் நாலாவது முறையாக வந்திருக்கிறார், யாராவது வந்து பேசி அனுப்புங்கள் என்றார். வேறு நாளாக இருந்தால் நமக்கெதற்கு என்று இருந்திருப்பாள். அன்றைக்கு அந்த மைசூர்பாக்கிடமிருந்து தப்பித்தால் போதும் என்று கீழே இறங்கினாள்.

வந்தவர் பெயர் மாகாளி. விசைத்தறி ஓட்டுகிறவர். ஐம்பது வயது இருக்கலாம். பஞ்சுத் தூசி காதோர முடியில் அப்படியே ஒட்டியிருந்தது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தவர் அவளைக் கண்டதும் எழுந்துகொண்டார்.

"ஏனுங் மேடம், நீங்கதான் மிஷினப் பாத்தவீங்களா?"

"எந்த மிஷினுங்க?"

"என்ற ஊட்டுக்காரியோடதுங். வசந்தாமணி. மாசியில தவறிப்போச்சு. மூணு நாளா காய்ச்சலு. மத்தியானம் கஞ்சி குடிச்சுட்டுப் படுத்தவ, அப்படியே போயிட்டா."

அவர் ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். மடித்து மடித்து நாலாய்க் கிழியப் போகிற நிலையில் இருந்தது. கம்பெனியின் சட்டப் பிரிவு எழுதியது. சாதனத்தில் எந்தக் குறையும் காணப்படவில்லை. எனவே வீட்டில் உரிய நேரத்தில் மின்னூட்டம் செய்யத் தவறியது காரணமாக இருக்கலாம். கீழே ஆழ்ந்த அனுதாபங்கள். பின்னால் இணைப்பாகத் தமயந்தியின் அறிக்கை.

அவள் இப்படி ஒரு கடிதத்தை அதுவரை பார்த்ததில்லை. அறிக்கை கொடுப்பதோடு தன் வேலை முடிந்தது என்றிருந்தாள். அதை வைத்துக்கொண்டு மேலே என்ன எழுதி அனுப்புகிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"சார்ஜு போடறது என்ற வேலைங்" என்றார் மாகாளி. "அன்னைக்கு ரெண்டு ஷிப்டு. போட்டனா, போடலியா, சத்தியமா ஞாபகம் இல்லீங். இந்தக் கடுதாசி வந்ததும் மச்சான் படிச்சுப்போட்டு, எங்க பொறந்தவள நீதான் கொன்னேன்னு சொல்லிட்டாரு. வருசத் திதிக்குக் கூட நான் வரக்கூடாதுங்கறாங்க. புள்ளையக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. பன்னண்டு வயசுங். நான் போனா உள்ள எந்திரிச்சுப் போயிருது. எம்மூஞ்சியே பாக்க மாட்டேங்குது."

தமயந்தி வருத்தம் தெரிவித்து அனுப்பிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் அறிக்கையின் மேல் விரலை வைத்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறனுங். மிஷின வெக்கறப்ப டாக்டரு படம் போட்டுக் காட்டுனாரு. உள்ள ரெண்டு மோட்டாரு. ஒண்ணு சூடாயி ஓய்வெடுத்துச்சுன்னா, அந்த நேரத்துக்கு இன்னொண்ணு ஓடும்னாரு. இதுல 'மோட்டார் ஒன்று, நலம்'னு போட்டிருக்குதுங். நான் முப்பது வருசமாத் தறி ஓட்டறவனுங், எனக்கு மோட்டார எண்ணத் தெரியும். இன்னொண்ணு எங்கீங்?"

அவள் அறிக்கையைப் பார்த்தாள். அவளுடைய கையெழுத்துதான். மோட்டார் ஒன்று, நலம்.

"நான் பாத்துட்டுச் சொல்றேங்க" என்றாள்.

மேலே வந்து, அலமாரியிலிருந்து வசந்தாமணியின் டப்பாவை எடுத்தாள். ஆறு வருடத்தில் முதல் தடவையாக ஒயரை மாட்டாமல், ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். மூடியைக் கழற்றினால் உள்ளே இரண்டு மோட்டார்கள். பக்கத்துப் பக்கத்தில். ஒன்றில் ஆறு வருட ஓட்டத்தின் தேய்மானம் தெரிந்தது. மற்றது பெட்டி பிரித்த மாதிரி பளபளவென்று இருந்தது.

அப்புறம்தான் மரத்தைத் திறந்தாள்.

மரம் என்பது ஒரு பட்டியல். சாதனத்துக்குள் என்னென்ன பாகம் எங்கெங்கே இருக்கிறது என்று கிளை கிளையாக எழுதி வைத்திருக்கும் சின்னக் கோப்பு. சாதனம் கண் விழிக்கும்போது முதலில் எழுவது பூட்லோடர் என்ற குட்டி நிரல். அது இந்த மரத்தைப் படித்து, உனக்கு இன்னின்ன பாகம் உண்டு என்று பெரிய நிரலிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பெரிய நிரல் அதை அப்படியே நம்பும். தானாக எதையும் தேடிப் பார்க்காது. தமயந்திக்கு இது அத்துப்படி. ஆனால் அந்தக் கோப்பை மேலிருந்து கீழ்வரை அவள் படித்ததில்லை. வேறு யாரும் படித்ததில்லை. ஒவ்வொரு புது மின்சுற்றுப் பலகைக்கும் பழைய பலகையின் மரத்தை நகலெடுத்து, மாறிய வரியை மட்டும் மாற்றிக்கொள்வதுதான் அங்கே வழக்கம். ஓடுகிற கோப்பை யார் உட்கார்ந்து படிப்பார்கள்?

நூற்றுப் பதினாலாவது வரி. இரண்டாம் மோட்டார். நிலை: செயலில் இல்லை.

அவ்வளவுதான். ஒரே ஒரு சொல். பாகம் உடம்புக்குள் இருக்கிறது, மின்சாரமும் போகிறது. ஆனால் அது இருப்பது சாதனத்துக்கே தெரியாது. காய்ச்சல் வந்து உடம்பு கொதித்தால் முதல் மோட்டார் நாலு நிமிடம் ஓய்வெடுக்கும். அது விதிப்படி நடப்பது, குறையில் சேராது. அந்த நாலு நிமிடமும் ரத்தத்தைத் தள்ள ஆளில்லை. மனுஷி செத்துப்போவாள். சாதனம் சமர்த்தாக, எல்லாம் நலம் என்று எழுதி வைக்கும்.

இதைவிடக் கேவலமான ஒன்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுடைய சோதனைக் கருவி என்னென்ன பாகங்களைச் சோதிக்க வேண்டும் என்பதை எங்கிருந்து எடுத்துக்கொள்கிறது? அதே மரத்திலிருந்து. அந்த வசதியைச் செய்தவளும் அவளே. ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனிப் பட்டியல் எதற்கு, சாதனத்தையே கேட்டுக்கொள்ளலாமே என்று அவள்தான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாற்றி எழுதினாள். பாராட்டுச் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். திருடனிடமே சாட்சிகளின் பெயரைக் கேட்டு வாங்கி விசாரணை நடத்தியிருக்கிறாள், முப்பத்தோரு முறை.

வசந்தாமணியின் பதிவை மறுபடி ஓட்டினாள். இறந்த நேரத்தில் பேட்டரி அறுபத்தெட்டு சதவீதம். அதுவும் அவளுடைய அறிக்கையிலேயே இருந்தது, ஏழாவது வரியில். மாகாளி சார்ஜ் போட்டிருந்தார்.

தமயந்தி கழிவறைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். காலையில் சாப்பிட்ட இட்லி முழுசாக வந்தது. முகத்தைக் கழுவினாள், கையை முழங்கை வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள், அப்புறமும் வாடை போகவில்லை.

நஞ்சப்பன் தலைமைப் பொறியாளர். முதல் 'துணை'யைச் செய்த ஆட்களில் இப்போதும் கம்பெனியில் இருப்பவர் அவர் ஒருத்தர்தான். தன்மையான மனிதர், யாரையும் அதிர்ந்து பேசமாட்டார். அவள் உள்ளே போனபோது மைசூர்பாக்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் சொல்வதை முழுக்கக் கேட்டார். அவர் முகத்தில் ஆச்சரியமே வரவில்லை.

"சார், உங்களுக்குத் தெரியுமா?"

"உக்காரு அம்மிணி" என்றார். "முதல் பலகை வந்தப்ப ரெண்டாவது மோட்டார் சப்ளை ஆகல. இல்லாத பாகத்தத் தேடித் தேடி சாதனம் எந்திரிக்கவே மாட்டேங்குது. சரி, இப்போதைக்கு 'செயலில் இல்லை'ன்னு போடுங்கன்னேன். அப்புறம் மோட்டார் வந்துச்சு, பலகையில மாட்டிட்டோம். கோப்ப யாரும் தொடல. அந்தக் கோப்புதான் எல்லா மாடலுக்கும் போயிருக்குது. வேணும்னு யாரும் செய்யலியே."

"எப்பத் தெரிஞ்சுது?"

அவர் விரலில் ஒட்டிய நெய்யைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "போன ஆடியில."

ஆடி. தமயந்தி மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஆடிக்கு அப்புறம் அவள் மேசைக்கு ஒன்பது டப்பா வந்திருந்தது. ஒன்பதாவது வசந்தாமணி.

"ஒரு சொல்லு சார். ஒரு சொல்ல மாத்தறதுக்குப் பத்து மாசமா?"

"மாத்துனா எதுக்கு மாத்துனீங்கன்னு எழுதிக் கொடுக்கோணும். எழுதிக் கொடுத்தா கம்பெனிய இழுத்து மூடிருவாங்க. மூடுனா பதினோராயிரம் பேர யாரு பாத்துக்கறது? நீ சொல்லு." அவர் குரலில் உண்மையான கவலை இருந்தது. அதுதான் அவளுக்குச் சகிக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "இப்பப் புது மாடலு வருது. அதோட சேத்து எல்லாச் சாதனத்துக்கும் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் புது மரம் போகுது. பேட்டரி மேம்பாடுன்னு பேரு. அதோட எல்லாரும் பத்திரம். நல்லதுதான நடக்குது?"

"செத்தவங்க?"

"அவங்களுக்கு இனி என்ன பண்ண முடியும்? உன்ற அலமாரில இருக்கறதுக்கும் சேர்த்துத்தான் போகுது. ஒண்ணு விடாம. அத்தன பேரோட மரமும் ஒரே மாதிரி சரியா இருக்கும்." மைசூர்பாக்குத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "எடுத்துக்கோ. மொகமே வாடிக் கெடக்குது."

அப்போதுதான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அப்புறம் அலமாரியில் எந்த டப்பாவைத் திறந்தாலும் இரண்டு மோட்டார்கள் இருக்கும், இரண்டும் செயலில் என்று மரம் சொல்லும். குறை இருந்ததற்கு அடையாளமே இருக்காது. மாகாளி காலம் முழுக்கப் பெண்டாட்டியைக் கொன்றவனாகவே இருப்பார். அவள் எடுத்து வைக்கும் நகலை யார் நம்புவார்கள்? சட்டத்தின் முன் சாதனத்துக்குள் இருப்பதுதான் சாட்சி.

அவள் எழுந்து வந்தாள். ஒரு துண்டு மைசூர்பாக்கு கையில் இருந்தது. எப்போது எடுத்தாள் என்றே தெரியவில்லை. வராந்தாக் குப்பைத் தொட்டியில் போட்டாள். உயிரோடு இருக்கிறவர்களுக்கு இந்தத் திருத்தம் போயே ஆகவேண்டும், அதை ஒரு மணி நேரம்கூடத் தடுக்கக்கூடாது. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இறந்தவர்களைத் தொட விடக்கூடாது. டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால், வாசலில் இருக்கும் கருவி ஒவ்வொரு சாதனத்துக்குள்ளும் இருக்கும் சின்ன ரேடியோவைக் கூப்பிட்டு எண்ணிப் பார்க்கும். அலமாரியிலேயே விட்டால், திருத்தம் அந்த ரேடியோ வழியாகத்தான் உள்ளே போகும்.

ரேடியோ. அதுவும் ஒரு பாகம்தானே. அதுவும் மரத்தில் ஒரு வரிதானே.

வியாழன் முழுக்க அவள் அலமாரியைத் திறந்து, ஒவ்வொரு சாதனமாக ஒயரில் மாட்டினாள். வேறு ஒரு எழுத்தைத் தொடவில்லை. இருநூற்று ஆறாவது வரி. ரேடியோ. நிலை: செயலில் இல்லை. செய்ததைத் தேதி போட்டு ஒவ்வொரு டப்பாவுக்குள்ளும் கையால் எழுதிக் கையெழுத்திட்டு வைத்தாள். முதல் சாதனத்தில் மூன்று முறை சரிபார்த்தவள் பத்தாவதில் ஒருமுறையோடு நிறுத்திக்கொண்டாள். இருபதாவது முடிந்தபோது பழைய பாட்டொன்றைத் தான் முணுமுணுத்துக்கொண்டிருப்பதைக் கவனித்து, அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. ஒரு சொல்லைப் போட்டு ஒரு பாகத்தை இல்லாமல் செய்வது இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குத் திருத்தம் போனது. பதினோராயிரம் நெஞ்சுகளில் இரண்டாவது மோட்டார் கண் விழித்தது. பெரிய திரையில் பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக ஏறின. எல்லோரும் கை தட்டினார்கள். தமயந்தியும் தட்டினாள், அதை மட்டும் மனசாரத் தட்டினாள்.

அப்புறம் நஞ்சப்பன் திரும்பல் பிரிவுக்கு வந்தார். அவளுடைய கணினியில் அலமாரியின் பட்டியலைத் தட்டிப் பார்த்தார்.

சாதனங்கள்: எதுவும் இல்லை.

"அட, ஒண்ணு கூடக் காணமே?"

அலமாரி அவருக்கு நேர் பின்னால், இரண்டடி தூரத்தில் இருந்தது. கதவு பூட்டிக்கூட இல்லை. கையை நீட்டித் திறந்திருந்தால் முப்பத்தோரு டப்பாவும் வரிசையாகத் தெரிந்திருக்கும். அவர் திரும்பவே இல்லை. மறுபடி ஒருமுறை தட்டினார், மறுபடி எதுவும் இல்லை என்று வந்தது. அவர் தோள் தளர்ந்து, முகத்தில் மெல்ல ஒரு நிம்மதி பரவியது.

"அழிக்கறதுக்கு அனுப்பிச்சுட்டியா? நல்லதாப் போச்சு. நான் சொல்லாமயே செஞ்சுட்ட பாரு" என்று சொல்லிவிட்டு அவள் மேசையைச் செல்லமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

மத்தியானம் அவள் முப்பத்தோரு டப்பாவையும் இரண்டு கட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாசலைக் கடந்தாள். எண்ணிப் பார்க்கும் கருவி சத்தமே போடவில்லை. செக்யூரிட்டி, "என்னங்க மேடம், சுவீட்டா?" என்று கேட்டுச் சிரித்தார். மூன்று மணிக்குள் முப்பது டப்பாக்கள் ஒரு வழக்கறிஞரிடம் போய்ச் சேர்ந்து, ரசீதும் கைக்கு வந்தது. ஒன்றை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு சோமனூர் பஸ் ஏறினாள்.

தறிச் சத்தத்துக்கு நடுவில் பேச முடியவில்லை. மாகாளி தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். அவள் மூடியைக் கழற்றி உள்ளே காட்டினாள். மரத்தைப் பற்றி, அந்த ஒரு சொல்லைப் பற்றி, தெரிந்த வரைக்கும் எளிமையாகச் சொன்னாள்.

"ரேசன் கார்டுல பேரு உட்டுப்போன மாதிரீங்களா?" என்று கேட்டார் அவர். "ஆளு எதுக்கால நின்னாலும் அரிசி கெடையாதும்பாங்க."

"ஆமாங்க. அதேதான்."

அவர் அந்தப் பளபளப்பான மோட்டாரை விரல் நுனியால் ஒருமுறை சுற்றிவிட்டார். தடையில்லாமல் சுழன்றது.

"புதுசா இருக்குதுங்களே."

"ஒரு தடவகூட ஓடலீங்க."

"சார்ஜு?"

"போட்டிருந்தீங்க. அறுபத்தெட்டு இருந்துச்சு."

மாகாளி மோட்டாரிலிருந்து விரலை எடுத்தார். "இது உங்களுக்கு எப்பத் தெரியுமுங்?" என்றார்.

"அறுபத்தெட்டுன்னு மாசியிலயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை வெச்சு உங்களுக்கு என்ன எழுதறாங்கன்னு கேக்கல. மோட்டார எண்ணல. முப்பத்தோரு பேருக்கும் நான்தான் கையெழுத்துப் போட்டேங்க." மன்னிச்சுக்கோங்க என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொல்லத் தனக்கு என்ன யோக்கியதை என்று விழுங்கிக்கொண்டாள்.

அவர் அவளைத் திட்டவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை. தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

மச்சான் வீடு இரண்டு தெரு தள்ளி. வாசல்படியில் ஒரு பெண்பிள்ளை ரெட்டைச் சடையோடு உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மாகாளியைப் பார்த்ததும் நோட்டை மூடிக்கொண்டு எழுந்தாள்.

"கண்ணு, நில்லு. நான் ஒண்ணும் பேசல. இந்த மேடம் பேசுவாங்க. கேட்டுப்போட்டு உள்ள போ."

சத்தம் கேட்டு உள்ளிருந்து ஒரு மனிதர் வேட்டியை இறுக்கிக்கொண்டு வந்து கதவைப் பிடித்தபடி நின்றார். மச்சானாகத்தான் இருக்க வேண்டும். தமயந்தி சாதனத்தைப் படியின் மேல் வைத்தாள். மூடி திறந்தே இருந்தது.

"உங்க அம்மாவோட மிஷின்ல ரெண்டு மோட்டார் இருந்துச்சு கண்ணு" என்று ஆரம்பித்தாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். தன் கையெழுத்தையும் சொன்னாள். அந்தப் பிள்ளை குறுக்கே பேசாமல் கேட்டது. முடிந்ததும், "அப்பா சார்ஜ் போட்டாரா?" என்றது.

"போட்டிருந்தார்."

"அது உங்களுக்குத் தெரியுமா?"

"எழுதியே வெச்சிருந்தேன்."

பிள்ளை அவளை நிமிர்ந்து பார்த்தது. நஞ்சப்பன் அறையில் தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று தமயந்திக்கு அப்போது தெரிந்தது. எச்சிலைத் தொட்டுவிட்டவர்கள் பார்க்கிற பார்வை. அவள் தலையைக் குனிந்துகொள்ளவில்லை.

பிள்ளை வாசலை விட்டு ஓரமாக ஒதுங்கி நின்றது. மச்சானும் கதவிலிருந்து கையை எடுத்தார். மாகாளி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார்.

இன்னும் முப்பது வீடு இருந்தது. படியில் கிடந்த சாதனத்தின் மூடியைத் தமயந்தி திருகி மூடினாள். அவளை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.